கடிநாயும் கல்யாண எழுத்தும்

செவலை நன்றாகக் கடிக்கிற நாய். அது நாலு பேருக்குத் தெரியட்டும் என்று எஜமானர் கேட்டில் 'நாய் கடிக்கும்' என்று ஒரு பலகை மாட்டினார். ஆனால் அதற்கு அவர் தேர்ந்தெடுத்த எழுத்துரு, கல்யாணப் பத்திரிகைகளிலேயே வளர்ந்த பூங்கொடி. அவள் காலுக்குக் கால் சுழி போட்டு, புள்ளிகளையெல்லாம் மொட்டாக்கிக்கொண்டு நின்றாள்.

மறுநாள் கல்யாண வீடு தேடி வந்த ஒரு பட்டுப்புடவைக் குடும்பம் பலகையைப் பார்த்துவிட்டு நேரே உள்ளே நுழைந்தது. செவலை பல்லைக் காட்டிக் குரைத்தது.

"நாயனம் இன்னும் சுருதி சேரலை போல," என்றார் ஒருவர். "முதல் பந்தி ஆயிடுச்சா?"

செவலைக்கு அழுகையே வந்துவிட்டது. "அக்கா, கொஞ்சம் முறைச்சு நில்லுங்களேன். என் பிழைப்பே போகுது."

"முறைச்சுக்கிட்டுத்தானே தம்பி நிக்கிறேன்?" என்றாள் பூங்கொடி, இன்னொரு சுழியை நீட்டியபடி. "நீ கடிச்சுக் காட்டு, புரிஞ்சுக்குவாங்க."

வேறு வழியில்லாமல், அடுத்து பரிசுப் பெட்டியோடு வந்தவரின் கெண்டைக்காலைச் செவலை கவ்வியது. அவர் அலறிக்கொண்டு பலகையைப் பிடித்தார். அப்போதுதான் அதை எழுத்துக்கூட்டி வாசித்தார். அவர் முகம் மலர்ந்தது. வீட்டுக்காரர் காதில் விழும்படி உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

"அடடா, என்ன அழகாச் சொல்லியிருக்காங்க! ஐயா, இது எந்த அச்சகம்? என் மக கல்யாணத்துக்கும் இதே எழுத்துதான் வேணும்."

பூங்கொடி வெட்கத்தில் இன்னும் கொஞ்சம் வளைந்தாள். கவ்விய காலை விடுவதா வேண்டாமா என்று தெரியாமல் செவலை அவளையே பார்த்தது.