சுவரைப் பார்க்கும் போர்வை

நவீன ஒட்டுத்துணிப் போர்வைகளின் போட்டிக் கண்காட்சியில், தான் தைத்த போர்வைக்கு எதிரே அவள் கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி நிற்கிறாள். மாட்டியவர்கள் அதைத் திருப்பி மாட்டிவிட்டார்கள். மகளின் சின்ன வயதுக் கவுன்களை வெட்டி இரண்டு வருடம் தைத்த முன்பக்கம், சுவரில் முகம் புதைத்திருக்கிறது. வெளியே தெரிவது வெறும் சாம்பல் நிறத் துணியும், அது ஒரு சாண் போதாமல் அவள் ஒட்டுப்போட்ட சிவப்புப் பட்டையும்தான். விளக்கு வெளிச்சம் அந்தப் பட்டைமேல் பயபக்தியோடு விழுகிறது. "இது ஒரு காயம்," என்கிறார் நடுவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு. தொங்கவிடும் கம்பியைச் செருக, பின்பக்கம் மேலே தைத்த உறையைத் தொடுவானம் என்கிறார். "நினைவுகளையெல்லாம் உதறிவிட்ட படைப்பு." கூட்டம் தலையாட்டுகிறது, ஆட்டாவிட்டால் புரியவில்லை என்று ஆகிவிடுமே. காலையில்தான் பழக்கமான இன்னொரு தையல்காரி, அந்த உறையைப் பார்த்ததுமே விஷயத்தைப் புரிந்துகொண்டவள், காதோரம் கிசுகிசுக்கிறாள். "சொல்லிடுங்கக்கா." "எப்படிம்மா சொல்றது? முதல் பரிசு ரிப்பனையே குத்திட்டாரே." "உங்க பொண்ணு வர்ற நேரமாச்சே." "அதான் வாசலையே பார்த்துட்டிருக்கேன்." தையல்காரி கன்னத்தைச் சுவரில் ஒட்டவைத்து, இடுக்கு வழியே ஒற்றைக் கண்ணால் பார்க்கிறாள். "ஏதாவது தெரியுதா?" "இருட்டுதான்க்கா. ஓரத்துல ஒரு பூப்போட்ட துணி மாதிரி தெரியுது." "அது முதல் பிறந்தநாள் கவுன்," என்கிறாள் அவள், மெதுவாக. அதற்குள் மகள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிடுகிறாள். போர்வையை மேலிருந்து கீழ்வரை தேடுகிறாள். "என் கவுனெல்லாம் எங்கேம்மா?" பதில் சொல்ல அவள் வாயைத் திறப்பதற்குள் நடுவர் கண்களை மூடிக்கொள்கிறார். "அருமையான கேள்வி," என்கிறார். எல்லோரும் கைதட்டுகிறார்கள்.