மாமியார் கேட்டு வாங்கிய சோதனை

"இந்த வியாதிய எனக்கு ஒட்டவச்சதே நீதான். உங்கம்மா வீட்டுக்குக் கிளம்பு" என்று எதிர்வீட்டு மாமியார் கத்துவது கேட்டதும் நான் அடுப்பை அணைத்துவிட்டு ஜன்னலுக்கு வருகிறேன். "சோதனை பண்ணினவங்களே சொல்லட்டும் அத்தை" என்கிறாள் மருமகள். இருவருக்கும் தொழுநோய், இருவருக்கும் ஒரே மாத்திரை. வீட்டோடு இருக்கும் மாமியாரின் தம்பிக்கும் அதேதான். கிருமி யாரிடமிருந்து வந்தது என்று மூவருக்கும் மரபணுச் சோதனை செய்யச் சொல்லி அடம்பிடித்ததே மாமியார்தான். முடிவோடு வந்திருக்கும் ஆய்வகத்துப் பெண் மடிக்கணினியைத் திறக்கிறாள். வரிவரியாக மின்னும் கோடுகளின் நீல வெளிச்சம் மூன்று பெண்களின் முகங்களிலும் விழுகிறது. "உங்க கிருமியோட மரபணு அடையாளம் வேறம்மா, இவங்களோடது வேற. உங்களோடது உங்க தம்பியோடதோடதான் அப்படியே ஒத்துப்போகுது." சாய்வு நாற்காலியில் இருக்கும் தம்பி செய்தித்தாளை உயர்த்தி முகத்தை மூடிக்கொள்கிறார். கையிலிருந்த டம்ளர் தண்ணீர் புடவையெல்லாம் சிந்த, மருமகள் சிரிக்கிறாள். மாமியார் மட்டும் தம்பியின் தோளைத் தடவுகிறாள். "பாவம், இவனுக்கு எவ குடுத்தாளோ." அடுத்த மாதமே மருமகள் அந்த வீட்டைவிட்டுப் போகிறாள், அம்மா வீட்டுக்கல்ல, புருஷனையும் கூட்டிக்கொண்டு தனிக்குடித்தனம்.