வாயடைத்த கருவி

தீவிர சிகிச்சைப் பிரிவில், கட்டிலருகே நின்று, கண்காணிப்புக் கருவியின் நிரலில் நேற்று தான் செய்த திருத்தத்தை மடிக்கணினியில் சரிபார்த்துக்கொண்டிருந்தாள் மென்பொறியாளர் பூங்கோதை. நோயாளிக்கு ஆக்சிஜன் குறைந்தால் கருவி ஓர் இன்டரப்ட், அதாவது அவசரக் குறுக்கீட்டுச் சமிக்ஞை, அனுப்பும்; உடனே அலாரம் ஒலிக்கும். ஒரே இன்டரப்டுக்கு அது ஓயாமல் ஒலிக்கிறது என்று புகார். அதனால் முதல் இன்டரப்ட் வந்ததும் அடுத்தவை வரும் வழியை அடைக்கும்படி எழுதியிருந்தாள். மறுபடி திறக்கும் வரியைத் தேடினாள். அதை அவள் எழுதவே இல்லை.

நோயாளியின் மனைவி சிரித்தாள்.

"நேத்தெல்லாம் கத்திக்கிட்டே கெடந்துச்சு. அது வாய அடச்சிட்டியே தாயி! காலையில ஒரு தடவ கத்துனதோட சரி. இவருக்குத் தேவலதான?"

பூங்கோதை போர்வையை விலக்கி அவர் நெஞ்சில் கைவைத்தாள். பிறகு, "சிஸ்டர்! சிஸ்டர்!" என்று அவளே கத்தத் தொடங்கினாள்.