கண்ணாடிக்குள் ஒன்பதாம் எண்

கால்பந்து ரசிகர் மன்ற அறையில் மாலை வெயில் நாற்காலிக் கால்களுக்கிடையே நீண்டு கிடக்கிறது. அணி லீக்கில் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிய பிறகு கூடும் முதல் கூட்டம். "கோல் போடுறவனை வித்துட்டு முட்டிவலிக்காரனை வாங்கியிருக்காங்க. இதுக்கு ஒரு புது மேனேஜர் வேற!" என்று பொருமுகிறார் பஸ் டிரைவர். "அப்படிச் சொல்லாதப்பா, மனுஷன் தலையை அழகா வாரியிருக்கார்," என்கிறார் சலூன்காரர். சிரிப்பு எழுகிறது. முதுகு வளையாமல் உட்கார்ந்திருக்கும் பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. எதிர்ச்சுவரில், கண்ணாடிப் பெட்டிக்குள், அவர் மகனின் ஒன்பதாம் எண் சட்டை தொங்குகிறது. ஆடிக்கொண்டிருக்கும்போதே மைதானத்தில் விழுந்து இறந்தவன். அதன் பிறகு அந்த எண்ணை யாரும் அணிந்ததில்லை. புதிதாக வாங்கிய ஆட்டக்காரனுக்கு இப்போது மேனேஜர் அந்தச் சட்டையையே கேட்கிறார். பெட்டியின் சாவி பெரியவரின் உள்ளங்கையில் வியர்வையில் வழுக்குகிறது. "நீங்க சரின்னு ஒரு வார்த்தை சொன்னா போதும் பெரியப்பா," என்று குரலைத் தாழ்த்துகிறார் டிரைவர். "அணிக்காகத்தானே." பெரியவர் எழுகிறார். கேட்டு வந்தவருக்கு இல்லையென்று சொன்ன குடும்பமல்ல அவருடையது. பெட்டியருகே போனதும் கை நிற்கிறது. எண்ணின் மேல் கண்ணாடியில் ஒரு வெள்ளைப் படலம். கைக்குட்டையால் துடைக்கிறார், போகவில்லை. அழுத்தித் துடைக்கிறார். படலம் உட்பக்கம் இருக்கிறது. அது மெல்லச் சுருங்குகிறது, மெல்ல விரிகிறது, வெகுதூரம் ஓடி வந்தவன் மூச்சு வாங்குவதுபோல. பின்னால் ஒவ்வொருவராக எழுந்து நிற்கிறார்கள். பெரியவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். "அவன் இன்னும் ஆடிட்டிருக்கான்," என்கிறார், திரும்பாமலே. "ஆட்டம் முடியட்டும்."