பச்சை ஜெயித்த மறுநாள்

"சீசன் பூரா தப்பாச் சொன்னியேடா. நேத்து ஒருநாள் மட்டும் ஏன் சரியாச் சொன்ன?"

டெல்மர் பல்லைக் கடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தித்தான் கேட்டான். பார் முழுக்கப் பச்சைச் சட்டை. அவன் போட்டிருந்ததும் பச்சைதான்.

எதிரே உட்கார்ந்திருந்த ஆர்லன் வினிகரில் ஊறிய முட்டையை உப்புத் தொட்டுக் கடித்தான்.

திங்கள் மத்தியானம். வெளியே இன்னும் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார்கள். பதினாலு வருஷம் கழித்துப் பச்சை அணி அமெரிக்கக் கால்பந்து லீக் இறுதியை ஜெயித்திருக்கிறது. விஸ்கான்சின் பூராவும் கொண்டாட்டம். கோபமாக இருந்த ஒரே ஆள் டெல்மர். அறுபது வருஷம் பச்சைக்காகத் தொண்டை கிழியக் கத்தியவன், நேற்று எதிரணியான நீலத்தின் மேல் பணம் கட்டியிருந்தான்.

காரணம் ஆர்லன்.

இரண்டு பேரும் ஒரே காகித ஆலையில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவர்கள். ஆர்லன் கிழக்கு என்றால் டெல்மர் மேற்கு என்பான். அது சுபாவம். இந்த சீசனில் அதுவே வரும்படி ஆகிவிட்டது. ஆர்லன் எந்த அணி ஜெயிக்கும் என்றானோ அது தோற்றது. டெல்மர் எதிராகக் கட்டினான். ஜெயித்தான். வீரர்களைப் பொறுக்கி அவரவர் கற்பனையாக அணி கட்டும் ஃபேன்டசி ஆட்டத்திலும் அதே கதைதான். ஆர்லன் உதவாக்கரை என்றவனையெல்லாம் டெல்மர் சேர்த்துக்கொண்டான். பட்டியலில் முதலிடம்.

செப்டம்பரில் இருபது டாலர் கட்டியவன் டிசம்பரில் ஐந்நூறு கட்டினான்.

சனிக்கிழமை இதே மேஜையில் ஆர்லன் பாட்டில் மூடிகளை அடுக்கி வைத்து ஒரு மணி நேரம் விளக்கினான். நாளைக்குப் பனி கொட்டும். நீலத்தில் பந்து எறிகிறவன் கூரை போட்ட மைதானத்திலேயே ஆடிப் பழகியவன்; ஆட்டத்தின் மூன்றாம் கால்பகுதிக்கு மேல் விரல் மரத்துப்போகும். அவனுக்கு இடப்பக்கம் காவல் நிற்பவனுக்கு முழங்காலில் அடி. கடைசியில் பச்சை பந்தைக் கம்பங்களுக்கு நடுவே ஒரு உதை உதைக்கும். மூன்று புள்ளியில் ஜெயிக்கும்.

டெல்மருக்கு அது போதும். ஃபேன்டசி அணியிலிருந்து பச்சைக்காரர்களைத் தூக்கினான். வீட்டுக்குப் போய் மாவு டப்பாவிலிருந்து உறையை எடுத்தான்.

நாலாயிரம் டாலர். வீட்டு ஹீட்டர் செத்துப் பத்து நாளாகிறது. வெளியே குளிர் பூஜ்யத்துக்கு இருபது டிகிரி கீழே. புருஷனும் பெண்டாட்டியும் கோட்டோடு படுத்தார்கள். புது ஹீட்டருக்காகப் பெண்டாட்டி லவோன் பள்ளிக்கூடச் சமையலறையில் கரண்டி பிடித்துச் சேர்த்த பணம் அது.

பந்தயம் பிடிப்பவன் பார்க்காரன் ஸ்டஷ். இரண்டு பக்கத்து உறையையும் தன் பெட்டியில் பூட்டி வைப்பான். எதிர்ப்பக்கம் யார் கட்டியது என்று சாகும்வரை சொல்லமாட்டான். சிநேகிதம் கெடக்கூடாது என்பது கடை வழக்கம்.

நேற்று எல்லாம் ஆர்லன் சொன்னபடியே நடந்தது. பனி. மரத்த விரல். கடைசி உதை. மூன்று புள்ளி. ஊரே டெல்மரைக் கட்டிப்பிடித்துக் குதித்தது. அவனும் குதிக்க வேண்டியிருந்தது.

"வேணும்னே பண்ணினடா நீ."

"பச்சை ஜெயிக்கும்னு ஒரு பச்சைக்காரன்கிட்ட சொன்னேன். இதுல என்ன தப்பு?" என்றான் ஆர்லன். "நீ எது மேல கட்டினேன்னு எழுந்து நின்னு உரக்கச் சொல்லேன், பாப்போம்."

டெல்மருக்கு முகம் ரத்தமாகச் சிவந்தது. முப்பது வருஷத்துச் சிநேகிதம் இன்றோடு தீர்ந்தது என்றான். செத்தாலும் உன் சாவுக்கு வரமாட்டேன் என்றான். வாயில் வந்த மற்றதை எழுத முடியாது.

ஆர்லன் கையைத் துடைத்துக்கொண்டான்.

"சரி. ஆனா இப்ப வீட்டுக்குப் போகாத."

டெல்மர் நாற்காலியைத் தள்ளிவிட்டு நேரே வீட்டுக்குப் போனான்.

வழியெல்லாம் பொய் தேடினான். உறை தொலைந்தது. திருடன் வந்தான். ஒன்றும் ஒட்டவில்லை. கதவைத் திறந்தான்.

மூக்குக்கண்ணாடி சட்டென்று மங்கிவிட்டது. வீடு கதகதவென்று இருந்தது. லவோன் கோட் இல்லாமல், அரைக்கைச் சட்டையோடு உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"காலைல ஆள் வந்து புது ஹீட்டர் மாட்டிட்டுப் போனான்," என்றாள்.

"பணம்?"

"மாவு டப்பால இருந்த அதே உறைதான். ஆர்லன் கொண்டுவந்து குடுத்தாரு."

டெல்மர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "எதிர்ப்பக்கம்... அவனா?"

"படகு வாங்க வெச்சிருந்த நாலாயிரத்தை உனக்கு எதிராக் கட்டினாரு. நீ ஜெயிச்சிருந்தா அவருக்குப் படகு போச்சு. ஒரு வாரமா நீ அந்த டப்பாவையே மொறச்சுப் பாத்துட்டிருந்த. ஒளிச்சு வெச்சா வீட்டையே அடகு வெப்ப. அதான் போய் அவர்கிட்ட அழுதேன்."

கிழங்கைத் தண்ணீரில் போட்டாள்.

"நேராச் சொன்னா நீ கேக்கமாட்டியாம். அதனால உன்னை ஜெயிக்கவெக்க சீசன் பூரா தலைகீழாச் சொன்னாராம். 'பைத்தியம் பிடிக்கவெச்சது நான், நானே இறக்கிடறேன்'னாரு."

டெல்மர் கோட்டைக் கழற்றி மாட்டினான். பிறகு கரகரத்தான்.

"இனிமே பந்தயம் கட்டக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கச் சொன்னானாக்கும்?"

"இல்லியே," என்றாள் லவோன். "'செப்டம்பர்ல சீசன் ஆரம்பிச்சதும் மொத ஆளா வந்து கட்டியே ஆகணும்னு அவன்கிட்ட கண்டிப்பாச் சொல்லிடு'ன்னாரு."