யார் கத்துவார்கள்?

மினசோட்டாவில் ஒரு பனிக்காலப் பிற்பகல். பல்கலைக்கழகத்தின் நிலவறைக் கணினிக் கூடத்தில் முன்பக்கம் குளிர் காலைக் கவ்வுகிறது, அலமாரிகளின் பின்பக்கமோ அடுப்படியாகத் தகிக்கிறது. மின்சாரம் எங்கே வீணாகிறது என்று ஆராய வந்திருக்கும் லியோனா ஒரு பழைய சர்வர்முன் குந்தியிருக்கிறாள். பச்சை விளக்கு மினுக்குகிறது, விசிறி இரைகிறது, யாருக்காக என்பது கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் கர்ட்டிஸுக்கே தெரியாது. எந்தத் துறையைக் கேட்டாலும், “எங்களுதா இருக்கும், விட்டு வைங்க” என்கிறார்கள். அதனால் இங்கே ஒரு வழக்கம்: அணைத்துவிட்டு, யார் கத்துகிறார்கள் என்று காத்திருப்பது. ஒருவரும் கத்தாவிட்டால் அந்த சர்வரை நிரந்தரமாகவே நிறுத்திவிடலாம். “போன தடவை இப்படிப் புடுங்கித்தான் லைப்ரரி கதவு தொறக்கல. டீன் உள்ளயே மாட்டிக்கிட்டாரு,” என்று சொல்லிக்கொண்டே கர்ட்டிஸ் பனி அள்ளிச் சிவந்த கைகளைத் தேய்த்துக்கொள்கிறான். “இன்னிக்கு யார் மாட்டுறாங்கன்னு பாப்போமே,” என்றபடி லியோனா வயரைப் பிடுங்குகிறாள். இரைச்சல் இறங்கி இறங்கி ஓய்கிறது. பச்சைப் புள்ளி அணைகிறது. இருவரும் சுவரிலிருக்கும் தொலைபேசியையே பார்க்கிறார்கள். காபி ஆறி ஆடை படிகிறது. மேலே பனி தள்ளும் வண்டி உறுமிக்கொண்டே போகிறது. தொலைபேசி வாயே திறக்கவில்லை. “பாத்தியா, ஒருத்தருக்கும் வேணாம்!” என்கிறாள் லியோனா, கண்கள் மின்ன. வேலை முடிந்து கிளம்பும் கர்ட்டிஸ் அதே சர்வரின் பின்னால் கைவிட்டுத் துழாவுகிறான். “அடிப்பாவி! காயப் போட்ட என் கிளவுஸ் இன்னும் சொதசொதன்னு இருக்கே!” கூடமே அதிர்கிறது. லியோனா நிமிர்ந்து பார்க்கிறாள். “அப்பாடா, ஆள் கெடைச்சாச்சு.”