ஐந்தாவது ஜாடி

“முப்பது வருஷத்துக்கு மேல இந்த மனுஷன் கடல்பசுவுக்கு மெழுகுவர்த்தி ஏத்திட்டிருக்கார் மேடம்!”

ஃபிராங்க்ளின் ஜாடியை மேசைமேல் வைத்தான். பக்கத்திலேயே, அவன் எழுதிக் கொண்டுவந்த புகார்க் கடிதத்தையும் வைத்தான். விலங்கியல் துறைத் தலைவி விஜிலாவின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

ஜாடிக்குள் கட்டைவிரல் அளவில் ஒரு கரு. வெளியே ‘மனிதன்’ என்று லேபிள்.

“நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன். அதுக்காக மருந்துத் தண்ணியை மாத்தும்போது லென்ஸ் வச்சுப் பார்த்தேன். கையில விரலே பிரியலை, துடுப்பா இருக்கு. மனுஷக் கரு பக்கத்து ஜாடியில ‘கடல்பசு’ன்னு பேர் வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. லேபிள் ஒட்டுறது யாரு? நம்ம அட்டெண்டர் ஜேசுபாதம் அண்ணாச்சிதானே?”

விஜிலா லென்ஸை வாங்கிப் பார்த்தாள். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அவள் இந்தக் கல்லூரிக்கு வந்து முப்பத்தோரு வருஷம். ஒவ்வொரு ஜூலையிலும் மியூசியம் அறையில்தான் முதல் வகுப்பு. மீன், ஆமை, கோழி, பன்றி, மனிதன், கடல்பசு என ஆறு ஜாடிகளையும் லேபிளை மறைத்து வரிசையாக வைத்து, “இதுல மனுஷன் எது, சொல்லுங்க பார்ப்போம்” என்பாள். ஆளுக்கொன்றைக் காட்டுவார்கள். அறையே சிரிப்பில் அதிரும்.

கடைசியில் ஐந்தாவது ஜாடியைத் தொட்டு, “இதுதான் நாம. பக்கத்துல இருக்கிறது கடல்பசு. பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னாடி மூஞ்சூறு மாதிரி ஒரு பிராணி இருந்துச்சு. அதுதான் ரெண்டு பேருக்கும் பாட்டி” என்பாள்.

“அப்ப கடல்பசு எனக்குச் சித்தியா பெரியம்மாவா மேடம்?” என்று ஒரு வருஷம் எழுந்து கேட்ட வால்பையன், இப்போது இங்கேயே விரிவுரையாளனாகி எதிரே நிற்கிற இதே ஃபிராங்க்ளின்தான். அத்தனை வருஷமும் தப்பான ஜாடியைத் தொட்டுத்தான் பெருமையடித்திருக்கிறாள் என்பது இப்போதல்லவா தெரிகிறது!

“மெழுகுவர்த்தியை நான் குத்தம் சொல்லலை மேடம்” என்றான் ஃபிராங்க்ளின். “மனுஷப் பிள்ளையாச்சேன்னு, கல்லறைத் திருநாளுக்கு ஜன்னலோரமா ஒண்ணு ஏத்துதார். பிரின்சிபல் ஃபாதரே கண்டுக்கலை. ஆனா லேபிள் விஷயத்தை விட முடியாது. இவர் அசட்டையால மொத்த டிபார்ட்மெண்ட் மானமும் போகப் போகுது.”

ஜேசுபாதத்துக்கு இந்த மாதக் கடைசியோடு பணி ஓய்வு. இந்த வயதில் ஒரு விசாரணை, கெட்ட பெயர். விஜிலாவுக்குக் கையெழுத்துப் போட மனம் வரவில்லை. போடாமல் இருக்கவும் காரணம் கிடைக்கவில்லை. ஆளைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

ஜேசுபாதம் வந்தார். இன்று கல்லறைத் திருநாள். சட்டைப் பையில் மெழுகுவர்த்தி நீட்டிக்கொண்டிருந்தது.

“அண்ணாச்சி, ஒண்ணு சொல்லுவேன், வருத்தப்படக் கூடாது. நீங்க மெழுகுவர்த்தி ஏத்துற ஜாடியில இருக்கிறது மனுஷக் குழந்தை இல்ல. லேபிள் மாறிப்போச்சு.”

“மாறல டீச்சர். நாந்தான் மாத்துனேன்.”

ஃபிராங்க்ளின் வாயைப் பிளந்தான்.

“தெரிஞ்சேவா?”

“தெரிஞ்சுதான் சார். இதோட ஆத்தா எங்க அப்பா வலையிலதான் மாட்டுனா, வேம்பார்ல. நம்மள மாதிரிதானே, மேல வந்து மூச்சு வாங்கணும்லா? வலை விடல. மூச்சு முட்டிச் செத்துப்போச்சு. அறுத்தா, வயித்துக்குள்ள இது.”

ஜேசுபாதம் ஜாடியின் மூடியை ஒருமுறை அழுத்திவிட்டுத் தொடர்ந்தார்.

“எனக்கு அப்பப் பத்தொம்பது வயசு. தூக்குவாளியில போட்டு பஸ் ஏறி இங்கன கொண்டாந்தேன். பழைய புரொபசர் ஐயா வாங்கி ஜாடியில போட்டாரு. ‘ஏலே, நீ இங்கனயே வேலைக்கு இருந்திரு’ன்னாரு. எம்பிள்ளைக ரெண்டும் படிச்சது இதாலதான் டீச்சர்.”

விஜிலாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மறைக்கவும் இல்லை.

“அப்ப அந்த மனுஷக் குழந்தைக்கு, அண்ணாச்சி?”

“இன்னைக்குக் காலம்பற கோயில்ல எல்லா ஆத்துமாக்களுக்கும் பூசை வச்சாச்சு டீச்சர். அதுல அதுவும் சேர்த்திதான். இதத்தான் எந்தப் பூசையிலயும் சேக்க மாட்டாங்க.”

ஃபிராங்க்ளின் மேசையிலிருந்த கடிதத்தை மெல்ல இழுத்து, நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டான். கேட்டபோது அவன் குரல் இறங்கியிருந்தது.

“கடல்பசுன்னு இருந்த பேரை அப்படியே விட்டுட்டு ஏத்தியிருக்கலாமே அண்ணாச்சி. எதுக்கு மாத்துனீங்க?”

“மொத வருசம் அப்படித்தான் சார் ஏத்துனேன். கிறுக்குப்பயன்னு சொல்லி, மெழுகுவர்த்தியப் புடுங்கி வெளிய எறிஞ்சாங்க. மனுசன்னு எழுதி ஒட்டுன பெறகு, இன்னைவரைக்கும் ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல.”